ராஜ்பவன் எண்ண மறுத்த தலைகள்

கையெழுத்துகளின் கதை – 9

சென்ற வாரம் வெனிசுவேலாவில் நிறுத்தியிருந்தேன். அதிபர் ஹூகோ சாவேஸைப் பதவியிலிருந்து திரும்ப அழைக்க வாக்கெடுப்பு வேண்டும் என்று 2003 நவம்பர் கடைசியில் மக்கள் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டார்கள். தேவைப்பட்டது 24,36,083 கையெழுத்து. தேர்தல் ஆணையம் சரிபார்க்க உட்கார்ந்தது. படிவத்தின் விவரங்களெல்லாம் ஒரே கையால் நிரப்பப்பட்டவை என்று சொல்லி, எட்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளை ஒதுக்கிவைத்தது. கராகஸ் தெருக்களில் கலவரம் வெடித்தது, உயிர்கள் போயின. கடைசியில் 2004 மே 28 முதல் 30 வரை மூன்று நாள் கொடுத்தார்கள். யாருடைய கையெழுத்தின் மேல் சந்தேகமோ அவர்களே நேரில் வந்து 'என்னுடையதுதான்' என்றோ 'இல்லை' என்றோ சொல்லலாம். வந்தார்கள். எண்ணிக்கை 25 லட்சத்தைத் தாண்டியது. ஆகஸ்ட் 15 அன்று வாக்கெடுப்பு நடந்தது. சாவேஸ் 59 சதவீத ஆதரவோடு பதவியில் நீடித்தார்.

யார் ஜெயித்தார் என்பதைவிட அந்த மூன்று நாள்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சந்தேகம் வந்ததா, ஆளைக் கூப்பிட்டுக் கேள். அவ்வளவுதான். அந்த ஆகஸ்ட் 15க்கு ஏறக்குறைய இருபது வருடம் முன்னால், நான் உட்கார்ந்து இதை எழுதுகிற ஊரில், யாரும் கூப்பிடாமலே ஆட்கள் வந்து நின்றார்கள். 'எங்களை எண்ணுங்கள்' என்றார்கள். எண்ணவில்லை.

காஞ்சன்பாக் ஹைதராபாத்தின் தெற்குப் பக்கம், சந்தோஷ் நகர் தாண்டி வருவது. ஏவுகணை ஆய்வுக்கூடமான டி.ஆர்.டி.எல்., பாரத் டைனமிக்ஸ், உலோகக் கலவைகள் செய்யும் மிதானி என்று பாதுகாப்புத் துறை நிறுவனங்கள் மதில் மேல் மதிலாக நிற்கும் பகுதி. 1982இல் அப்துல் கலாம் இங்கே டி.ஆர்.டி.எல். இயக்குநராக வந்து சேர்ந்தார். 1984 ஜூலையில் பிரதமர் இந்திரா காந்தியே அந்த ஆய்வுக்கூடத்தைப் பார்க்க வந்தார். வேலைக்காகக் குடிவந்த தமிழ்க் குடும்பங்கள் அப்போதே இங்கு உண்டு. எங்களுடையதும் அதில் ஒன்று. எனக்குப் பன்னிரண்டு வயது.

பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற தெலுங்கு வாத்தியார் ஒருவர். தெருவே அவரை 'மாஸ்டாரு' என்றுதான் கூப்பிடும். 1984 ஆகஸ்ட் 16 சாயங்காலம் அப்பா அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். முதலமைச்சர் என்.டி. ராமராவை ஆளுநர் ராம்லால் நீக்கிவிட்டார், நாதெண்ட்ல பாஸ்கர ராவ் பதவி ஏற்றுவிட்டார் என்று செய்தி. "நாளைக்குப் பஸ் ஓடுமா மாஸ்டாரு?" என்று அப்பா கேட்டார். மாஸ்டாரு பதில் சொல்லவில்லை. சுவரில் இருந்த தினசரி நாட்காட்டியில் அன்றைய தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் பென்சிலால் இரண்டு எண்களை எழுதி என்னிடம் நீட்டினார். "பாபு, கூட்டு."

148. அதன் கீழே 160.

கூட்டினேன். 308 வந்தது. அவர் தாளை வாங்கி, 308க்குக் கீழே 295 என்று எழுதி இரண்டு கோடு போட்டார். "சட்டசபையில் மொத்தம் இத்தனை பேர்தான் சார்" என்று அப்பாவிடம் காட்டினார். "பாஸ்கர ராவ் சொல்வது முதல் எண், ராமராவ் சொல்வது அடுத்தது. இரண்டில் ஒரு பட்டியல் பொய். எது என்று ஆளுநர் பார்த்தாரா?" அந்தத் தாள் எங்கே போனதோ தெரியாது. கணக்கு மட்டும் மனத்தை விட்டுப் போகவில்லை.

நம் ஊர் வாசகர்களுக்கு ராமராவ் என்றால் 'மாயா பஜார்' கிருஷ்ணன். 1982 மார்ச்சில் தெலுங்கு தேசம் கட்சியைத் தொடங்கி, வண்டியிலேயே ஊர் ஊராகப் போய், ஒன்பதே மாதத்தில் 1983 ஜனவரித் தேர்தலில் 200 இடங்களுக்கு மேல் வென்றவர். காங்கிரஸுக்குக் கிடைத்தது 60. பாஸ்கர ராவ் காங்கிரஸிலிருந்து வந்து, கட்சி கட்டியதில் கூட நின்று, நிதியமைச்சராக இருந்தவர். 1984இல் ராமராவ் இதய அறுவை சிகிச்சைக்கு அமெரிக்கா போனார். அவர் ஊரில் இல்லாத நாட்களில் இங்கே காகிதம் தயாரானது. சிகிச்சை முடிந்து அவர் திரும்பிய ஓரிரு நாளில், தெலுங்கு தேசத்துத் தொண்ணூறு சொச்சம் பேர் தன் பக்கம், காங்கிரஸ் ஆதரவும் சேர்ந்தால் பெரும்பான்மை தனக்கே என்று பாஸ்கர ராவ் பட்டியலோடு ராஜ்பவன் போனார்.

அந்தக் காலத்தில் கட்சித் தாவல் தடைச் சட்டம் கிடையாது என்பதை இந்த இடத்தில் நினைவில் கொள்ள வேண்டும். இன்றைக்குப் பக்கம் மாறுகிற எம்.எல்.ஏ.வுக்குப் பதவி போகும் என்ற பயமாவது உண்டு. 1984இல் ஒரு தாளில் பெயர் எழுதிக் கொடுத்தால் ஆட்சி மாறும், கொடுத்தவருக்கு ஒரு சேதமும் இல்லை. ஆறு வாரம் முன்பு ஸ்ரீநகரில் அதுதான் நடந்திருந்தது. ஜூலை 2 அன்று பத்துப் பன்னிரண்டு எம்.எல்.ஏ.க்கள் விலகியதைக் காட்டி ஆளுநர் ஜக்மோகன் பரூக் அப்துல்லாவை நீக்கினார். சபையைக் கூட்டி எண்ணவில்லை. ஹைதராபாத்துக்கு முன்மாதிரி அங்கே தயாராக இருந்தது.

ராமராவ் கேட்டது இரண்டு நாள் அவகாசம். சட்டசபையைக் கூட்டிப் பெரும்பான்மையைக் காட்டுகிறேன் என்றார். அதற்கும் மேலே ஒன்று செய்தார். 16ஆம் தேதி தம் எம்.எல்.ஏ.க்களை அழைத்துக்கொண்டு சோமாஜிகூடா ராஜ்பவனுக்கே போய்விட்டார். மார்பில் தையல் ஆறாத மனிதர். பின்னால் நூற்று அறுபது சொச்சம் பேர். பெயர் உண்டு, தொகுதி உண்டு, முகம் உண்டு. ஒவ்வொருவரையும் நிறுத்தி 'நீ யார் பக்கம்' என்று கேட்டிருந்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும். பாஸ்கர ராவின் பட்டியலில் இருக்கிற பெயர் ஏதாவது கண் முன்னே எதிர்ப்பக்கம் நிற்கிறதா என்று விரலை ஓட்டிப் பார்த்திருந்தால் அரை மணி நேரம்கூட ஆகாது. ராம்லால் இரண்டையும் செய்யவில்லை. இடத்தை விட்டு நகர மறுத்த ராமராவைப் போலீஸ் கைது செய்தது. அன்றே பாஸ்கர ராவ் பதவி ஏற்றார். நேரில் ஆட்களைக் காட்டியவருக்கு இரண்டு நாள் மறுக்கப்பட்டது. காகிதம் காட்டியவருக்குப் பெரும்பான்மையை நிரூபிக்க ஒரு மாதம் கொடுக்கப்பட்டது.

இந்தத் தொடருக்காக எத்தனையோ கையெழுத்துச் சண்டைகளைப் படித்துவிட்டேன். இதைப் போல மனத்தைக் கலக்கியது வேறொன்றும் இல்லை. போலிக் கையெழுத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் ஏமாந்தால் அது மனிதத் தவறு. பட்டியலில் இருப்பதாகச் சொல்லப்படும் மனிதர்கள் வாசலில் நிற்கும்போது கதவைச் சாத்திக்கொண்டு பட்டியலை நம்புவதை நான் எப்படித் தவறு என்று மட்டும் சொல்லிவிட முடியும்?

அதற்குப் பிறகு அந்த நூற்று அறுபது பேரையும் சிதறாமல் காப்பதே பெரும் வேலையாயிற்று. நாச்சாரத்தில் இருந்த ராமராவின் சொந்தப் படப்பிடிப்புத் தளமான ராமகிருஷ்ணா ஸ்டுடியோவில் தங்கவைத்தார்கள். அதை முன்னின்று பார்த்துக்கொண்டவர் மருமகன் சந்திரபாபு நாயுடு. 2017 பிப்ரவரியில் கூவத்தூர் விடுதியைத் தொலைக்காட்சியில் பார்த்த தமிழர்களுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. ஆகஸ்ட் 21 அன்று டெல்லியில், குடியரசுத் தலைவர் ஜைல் சிங் முன்னால், சக்கர நாற்காலியில் ராமராவும் அவரோடு அந்த எம்.எல்.ஏ.க்களும் நின்றார்கள். ராஜ்பவன் எண்ணாத தலைகளை நாடே பத்திரிகைப் படத்தில் எண்ணிப் பார்த்தது. தமக்கு முன்கூட்டி எதுவும் தெரியாது என்று இந்திரா காந்தி சொன்னார். சில நாட்களில் ராம்லால் விலகினார். புதிய ஆளுநராக சங்கர் தயாள் சர்மா வந்தார்.

எம்.எல்.ஏ.க்கள் அடுத்துக் கர்நாடகத்துக்குப் போனார்கள். அங்கே முதலமைச்சர் ராமகிருஷ்ண ஹெக்டே. அவருடைய ஜனதா அரசின் பாதுகாப்பில் நந்தி மலைக் காற்றில் நாட்களைக் கடத்தினார்கள். இந்த இடத்தைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருவோம்.

எங்கள் பக்கம் அந்தச் செப்டம்பர் கசப்பானது. பழைய நகரத்தில் கலவரம், ஊரடங்கு. மேலே யார் முதலமைச்சர் என்று தெரியாத ஒரு மாதத்தில் கீழே கத்திக்குத்துச் செய்தி வராத நாள் குறைவு. அம்மா பால் பாக்கெட்டுக்காக ஊரடங்கு தளரும் நேரத்தைக் கேட்டுக் கேட்டு வைத்துக்கொள்வாள். செப்டம்பர் 11 அன்று சட்டசபை கூடியது. தற்காலிக சபாநாயகராக உட்கார்ந்தவர் பழைய நகரத்து மஜ்லிஸ் கட்சித் தலைவர் சலாஹுத்தீன் ஒவைசி. கூச்சல், ஒத்திவைப்பு, மறுபடி கூச்சல். வாக்கெடுப்பு மட்டும் நடக்கவே இல்லை. ஒரு மாதக் கெடு முடிந்த செப்டம்பர் 16 அன்று சர்மா பாஸ்கர ராவை நீக்கி ராமராவுக்கே மறுபடி பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். நாலு நாள் கழித்து சபையில் வாக்கெடுப்பு நடந்தபோது ராமராவ் பக்கம் விழுந்தது 171. மாஸ்டாரு 160 என்று குறைத்தே எழுதியிருந்தார்.

பாஸ்கர ராவ் செய்ததற்குத் தெலுங்கில் 'வெந்நுபோட்டு' என்று பெயர் நிலைத்துவிட்டது. முதுகில் குத்துவது. அந்தச் சொல்லை என் தெலுங்கு நண்பர்கள் இன்றும் ஒரு சந்தேகமும் இல்லாமல் அவர் மேல் வீசுகிறார்கள். எனக்கு அந்த மனிதர் மேல் அவ்வளவு கோபம் வரவில்லை. பதவி ஆசைப்பட்டவர்கள் எல்லாக் காலத்திலும் பட்டியலோடு வருவார்கள். பட்டியலை வாங்குகிற நாற்காலி எதற்காக அங்கே போடப்பட்டிருக்கிறது என்பதுதான் விஷயம்.

இனி நந்தி மலை இருக்கும் மாநிலத்துக்கு வருவோம். ஐந்து வருடம் ஓடிவிட்டது. இடையில் 1985இல் ராஜீவ் காந்தி அரசு கட்சித் தாவல் தடைச் சட்டம் கொண்டுவந்தது. மத்திய – மாநில உறவு பற்றி சர்க்காரியா ஆணையம் அறிக்கை கொடுத்து, மந்திரிசபையின் பலத்தைச் சபையில்தான் சோதிக்க வேண்டும் என்று எழுதிவைத்தது. ஹெக்டே விலகி, 1988 ஆகஸ்ட் 13 முதல் எஸ்.ஆர். பொம்மை கர்நாடக முதலமைச்சர். ஆளுநர் பி. வெங்கடசுப்பையா. ஆந்திரத்தின் கர்னூல் மாவட்டத்துக்காரர், 1984இன் கதையைச் சொந்த மண்ணின் கதையாக அறிந்திருக்க வேண்டியவர்.

1989 ஏப்ரல் 17 அன்று மொளகேரி என்ற எம்.எல்.ஏ. தன் ஆதரவை விலக்கிக்கொள்வதாக ஆளுநரிடம் கடிதம் கொடுத்தார். மறுநாள் பத்தொன்பது கடிதங்களோடு திரும்பி வந்தார். பதினேழு ஜனதா தளத்தவர், ஒரு சுயேச்சை, ஒரு பாரதிய ஜனதாக்காரர் பெயரில். எல்லாரும் பொம்மையைக் கைவிட்டதாக. எழுதியவர்கள் வரவில்லை, கடிதங்கள் மட்டும் வந்தன.

வெங்கடசுப்பையா ராம்லாலைவிட ஒரு படி மேலே போனார் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். சட்டமன்றச் செயலாளரைக் கூப்பிட்டுக் கையெழுத்துகளைச் சரிபார்க்கச் சொன்னார். இந்த வேலை எப்படிப்பட்டது என்று கிட்டே போய்ப் பாருங்கள். எம்.எல்.ஏ. ஆனவர் பிரமாணம் எடுத்ததும் உறுப்பினர் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவார். பிறகு படித்தொகைக்கும் மற்றதுக்கும் போடுகிற கையெழுத்துகள் செயலகத்தில் சேர்ந்துகொண்டே போகும். அந்த மாதிரிகளை ஒரு பக்கம், வந்த கடிதத்தை ஒரு பக்கம் வைத்து, எழுத்தின் சாய்வு, சுழி, கடைசி இழுப்பு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. ஒத்துப்போனால் 'இவர் கைதான்' என்று சொல்லலாம். அந்தக் கை எழுதும்போது தாளில் மேலே வாசகம் இருந்ததா, எதற்கு என்று சொல்லி வாங்கினார்கள், எழுதியவர் இன்று காலையும் அதே எண்ணத்தில் இருக்கிறாரா, இதில் ஒன்றையும் மசி சொல்லாது. 19ஆம் தேதி ஆளுநரின் அறிக்கை டெல்லிக்குப் போய்விட்டது. பொம்மை அரசு பெரும்பான்மை இழந்துவிட்டது என்று.

மறுநாள், ஏப்ரல் 20, பத்தொன்பதில் ஏழு பேர் ஆளுநருக்கே எழுதினார்கள். தவறாகச் சொல்லி எங்களிடம் கையெழுத்து வாங்கினார்கள், நாங்கள் அரசின் பக்கம்தான் என்று. அன்றே மந்திரிசபை கூடி ஏப்ரல் 27 அன்று சட்டசபை என்று முடிவு செய்தது. பொம்மை சட்ட அமைச்சரோடு போய் ஆளுநரைப் பார்த்தார். வேண்டுமானால் இன்னும் முன்னாலேயே கூட்டுகிறேன் என்றார். குடியரசுத் தலைவருக்கும் டெலக்ஸ் அடித்தார்.

ஆளுநர் அன்றே இரண்டாவது அறிக்கை அனுப்பினார். அந்த ஏழு பேரையும் முதலமைச்சர் அழுத்தம் கொடுத்து எழுதவைத்திருக்கிறார், பேரம் நடக்கிறது என்று. பேரம் நடந்திருக்கலாம். நான் மறுக்கவில்லை. ஆனால் முதல் நாள் கடிதம் சுதந்திரமாக எழுதப்பட்டது, இரண்டாம் நாள் கடிதம் மிரட்டி வாங்கப்பட்டது என்று எதை வைத்து முடிவு செய்தார்? பத்தொன்பது பேரும் பெங்களூரில் கூப்பிடு தூரத்தில் இருந்திருப்பார்கள். ஏழு நாளில் சபை கூடவிருந்தது. ஏப்ரல் 21 அன்று குடியரசுத் தலைவர் ஆட்சிப் பிரகடனம் வந்துவிட்டது. அதில் கையெழுத்திட்டவர் நம் ஊர் ஆர். வெங்கட்ராமன்.

பொம்மை உயர்நீதிமன்றம் போய்த் தோற்றார். உச்சநீதிமன்றம் போனார். ஒன்பது நீதிபதிகள் அமர்ந்தார்கள். திருநெல்வேலிச் சீமையின் எஸ். ரத்தினவேல் பாண்டியனும் ஆந்திரத்தின் பி.பி. ஜீவன் ரெட்டியும் அதில் இருந்தார்கள். 1994 மார்ச் 11 அன்று தீர்ப்பு வந்தது. ஒரு மந்திரிசபைக்குப் பலம் இருக்கிறதா என்பது ஆளுநரோ குடியரசுத் தலைவரோ தமக்குள் முடிவு செய்துகொள்ளும் அபிப்பிராயம் அல்ல, சபையில் எல்லார் கண் முன்னும் எண்ணிப் பார்க்கக்கூடிய உண்மை என்றது நீதிமன்றம். கர்நாடகப் பிரகடனம் செல்லாது என்றது. அதற்குள் ஐந்து வருடம் போயிருந்தது. 1989 நவம்பரிலேயே தேர்தல் நடந்து காங்கிரஸ் ஆட்சிக்கு வந்துவிட்டது. பொம்மைக்கு நாற்காலி திரும்பவில்லை. அவர் பெயர் மட்டும் சட்டக் கல்லூரிகளில் ஒரு வழக்கின் பெயராக நிலைத்தது. பத்து வருடம் முன்பு ராஜ்பவன் வாசலில் நூற்று அறுபது பேர் கேட்டதைத்தான் உச்சநீதிமன்றமும் எழுதியது என்று எனக்குத் தோன்றும். மாஸ்டாரு அந்தத் தீர்ப்பைப் பார்க்க இல்லை.

ராமராவ் பார்த்தார். பார்த்து ஒன்றரை வருடத்தில் இன்னொரு ஆகஸ்ட் வந்தது. 1995. ஹுசேன் சாகர் ஏரிப் பக்கம் வைஸ்ராய் ஹோட்டலில் தெலுங்கு தேசத்து எம்.எல்.ஏ.க்கள் கூடியிருந்தார்கள். இந்த முறை ஆட்களைச் சேர்த்து வைத்திருந்தவர் நாச்சாரத்தில் அவர்களைக் காத்த அதே சந்திரபாபு நாயுடு, இந்த முறை மாமனாருக்கு எதிராக. கட்சியில் பெரும்பகுதி உண்மையிலேயே மருமகன் பக்கம் போய்விட்டது. சபையில் எண்ணும் முன்பே ராமராவ் விலகினார். செப்டம்பர் 1 அன்று நாயுடு முதலமைச்சர். அடுத்த ஜனவரி 18 அன்று ராமராவ் காலமானார். அன்று காஞ்சன்பாக் கடைகள் ஒவ்வொன்றாகச் ஷட்டரை இறக்கியதை நான் ரோட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். 1984இல் அவருக்காகத் தெருவில் இறங்கியவர்கள் அந்த முறை ஏன் இறங்கவில்லை என்று அப்பாவிடம் கேட்டேன். "இந்தத் தடவை எண்ணிக்கை நிஜம்டா" என்றார்.

இதெல்லாம் ஒரு மாநில முதலமைச்சரின் நாற்காலியைச் சுற்றி நடந்தவை. ஒரு நாட்டின் அதிபரையே பதவி நீக்கும் தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டவர்கள், பிறகு 'அது என் கையெழுத்து இல்லை', 'வெற்றுத் தாளில் போட்டேன்' என்று ஒவ்வொருவராகப் பின்வாங்கினால் என்ன ஆகும்? அது நம் கடலுக்கு அப்பால் நடந்தது, அதுவும் ஓர் ஆகஸ்டில். 1991 ஆகஸ்ட் 28, கொழும்பு. அதிபர் பிரேமதாசவை நீக்கக் கோரும் தீர்மானம், லலித் அத்துலத்முதலியும் காமினி திசாநாயக்கவும் முன்னின்று திரட்டிய கையெழுத்துகளோடு, சபாநாயகர் எம்.எச். முகமதுவின் கைக்கு வந்தது. மொத்தம் 225 உறுப்பினர்கள். பாதிக்குக் குறையாமல் கையெழுத்து வேண்டும், விசாரிக்கத் தகுந்தது என்று சபாநாயகருக்கும் படவேண்டும். அவர் அதை ஏற்றுக்கொண்டுவிட்டால் அதிபரால் நாடாளுமன்றத்தைக் கலைக்க முடியாது. ஏற்றுக்கொண்டேன் என்று முகமது கடிதம் எழுதினார். இரண்டு நாளில் பிரேமதாச சபையைக் கலைக்காமல் ஒத்திவைத்தார். அடுத்த ஐந்து வாரம் கொழும்பில் தேடப்பட்டது வாக்குகள் அல்ல, கையெழுத்துப் போட்டவர்கள்.

(தொடரும்)